ஸ்டியரிங் செத்தபின் எஞ்சினை மட்டும் வைத்து விமானத்தை இறக்க முடியுமா?

பத்ரகாளி படத்தைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். 1976-ல் வந்த படம். ஏ.சி.திருலோகசந்தர் இயக்கம், சிவகுமார் கதாநாயகன், ராணி சந்திரா கதாநாயகி. பழைய சினிமா தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு விஷயம் நினைவிருக்கும். படத்தின் சில காட்சிகளில் நடித்திருப்பது ராணி சந்திராவே இல்லை. அவர் சாயலில் இருந்த வேறொரு பெண்ணை வைத்துத்தான் படத்தை முடித்தார்கள். படம் முடியும் முன்பே ராணி சந்திரா இறந்துவிட்டார். தாயும் சகோதரிகளும் அவரோடு அதே விமானத்தில் போனார்கள்.

எந்த விமானம், என்ன ஆச்சு என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

1976 அக்டோபர் 12. நள்ளிரவு தாண்டிய நேரம். பம்பாய் சாந்தாகுரூஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பியது இந்தியன் ஏர்லைன்ஸ் 171. (இன்று இணையத்தில் 171 என்று தேடினால் 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துதான் முதலில் வரும். எண் ஒன்றுதான், நிறுவனமும் விபத்தும் வேறு.) விமானம் பிரான்ஸில் செய்த காரவெல். இரண்டு எஞ்சின்களும் வால் பக்கம், உடலை ஒட்டி இருக்கும். இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 1964-ல் வந்த முதல் ஜெட் வகை இதுதான்.

மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வலது எஞ்சின் போய்விட்டது. விமானிகள் உடனே பம்பாய்க்கே திரும்பினார்கள். ஒரு எஞ்சின் போனால் மற்றதை வைத்து இறங்கலாம், அதற்குப் பயிற்சி உண்டு. ஆனால் ஓடுதளத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் முன்பாகவே விமானம் தரையில் விழுந்தது. 89 பயணிகள், 6 ஊழியர்கள், மொத்தம் 95 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணையில் தெரிந்த காரணம் இது. எஞ்சினுக்குள் சுழலும் கம்ப்ரஸரின் 10-வது அடுக்கு வட்டில் ஒரு விரிசல் இருந்தது. உலோகம் நாள்பட உழைத்துச் சோர்ந்துபோய் விடும் விரிசல். அந்த வட்டு உடைந்து, எஞ்சின் கூட்டைப் பிளந்து, எரிபொருள் குழாயை அறுத்தது. தீ பிடித்தது. அந்தத் தீயில் ஹைட்ராலிக் எண்ணெய் போய்விட்டது. எண்ணெய் போனதும் கட்டுப்பாடு போனது. அப்போது விமானிகள் கையில் இருந்த கைப்பிடி வெறும் கைப்பிடிதான்.

இந்தக் கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். எண்ணெய் போனால் அவ்வளவுதானா? மிச்சமிருக்கும் எஞ்சினை வைத்து ஏதாவது செய்ய முடியாதா? இதே கேள்வியை 13 வருஷம் கழித்து அமெரிக்காவில் ஒருவர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் நிஜ விமானத்தை எடுத்துச் சோதித்தும் பார்த்தார்.

டிப்பர் லாரியும் விமானமும்

முதலில் ஹைட்ராலிக். எங்கள் ஆலத்தியூர் பக்கம் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு டிப்பர் போய்க்கொண்டே இருக்கும். டிரைவர் ஒரு சின்ன லிவரைத் தள்ளுவார், அத்தனை டன் கல்லோடு பின்பெட்டி எழும்பும். தூக்குவது அவர் கை இல்லை, அழுத்தத்தில் ஓடும் எண்ணெய். எண்ணெய் ஹோஸ் வெடித்துவிட்டால் லிவரை எவ்வளவு தள்ளினாலும் பெட்டி எழும்பாது.

பெரிய விமானமும் அப்படித்தான். வால் பக்கத்து எலிவேட்டர் மூக்கை மேலே கீழே ஆட்டும். இறக்கை ஓரத்து எய்லரான் விமானத்தைச் சாய்க்கும். வால் சுக்கான் இடவலம் திருப்பும். இவற்றை மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு எதிராக மனிதக் கையால் அசைக்க முடியாது. அதனால் எண்ணெய் அழுத்தம். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு, மூன்று, நான்கு தனித்தனி எண்ணெய்ச் சுற்றுகளை வைப்பார்கள். மூன்றும் நான்கும் ஒரே நேரத்தில் போகாது என்பது கணக்கு.

அந்தக் கணக்கு 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பானில் பொய்த்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் 123, போயிங் 747. ஏழு வருஷத்துக்கு முன் சரியாகச் செய்யாத ஒரு பழுதுபார்ப்பால், வாலருகே இருந்த அழுத்தத் தடுப்புச் சுவர் பிய்ந்தது. செங்குத்து வாலின் பெரும்பகுதி பறந்துபோனது. நான்கு ஹைட்ராலிக் சுற்றுகளும் காலி. விமானிகள் எஞ்சின் விசையைக் கூட்டியும் குறைத்தும் 32 நிமிடம் விமானத்தை வானத்திலேயே வைத்திருந்தார்கள். கடைசியில் மலையில் மோதியது. 524 பேரில் பிழைத்தவர்கள் 4 பேர்.

இதைப் படித்துவிட்டு டென்னிஸ் ஃபிட்ச் என்ற அமெரிக்க விமானி யோசித்தாராம்: நாம் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வோம்? அவர் யுனைடெட் ஏர்லைன்ஸில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். சிமுலேட்டரில் எஞ்சினை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தார். யாரும் சொல்லி இல்லை, தன் ஆர்வத்தில்.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் 232. மூன்று எஞ்சின் கொண்ட டி.சி.-10. 37,000 அடி உயரத்தில் வால் எஞ்சினின் முன்விசிறி வட்டு உடைந்தது. உடைந்த துண்டுகள் வால் பகுதியைக் கிழித்ததில் மூன்று ஹைட்ராலிக் சுற்றுகளும் அறுந்தன. அந்த விமானத்தில் சாதாரணப் பயணியாக உட்கார்ந்திருந்தவர் அதே டென்னிஸ் ஃபிட்ச்! கேப்டன் ஆல் ஹேய்ன்ஸிடம் ஆள் அனுப்பி, உதவட்டுமா என்று கேட்டார். காக்பிட்டுக்குள் போனவர், இரு விமானிகளுக்கும் நடுவே தரையில் மண்டியிட்டு, இடது எஞ்சின் த்ராட்டிலை ஒரு கையிலும் வலது எஞ்சின் த்ராட்டிலை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டார்.

வட்டு உடைந்ததிலிருந்து சுமார் முக்கால் மணி நேரம். பெரும்பாலும் வலப்பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையத்துக்கு வந்துசேர்ந்தார்கள். தரையைத் தொடும் கடைசி நொடிகளில் வலது இறக்கை சாய்ந்தது. விமானம் உருண்டு, உடைந்து, தீப்பிடித்து, ஓடுதளத்தை ஒட்டிய சோளக்காட்டில் போய் விழுந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். பார்த்தவர்கள் யாரும் அத்தனை பேர் உயிரோடு வருவார்கள் என்று நினைக்கவில்லை.

பம்பாய், சூ சிட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் ஒன்றுதான். எஞ்சினுக்குள் சுழலும் ஒரு வட்டில் விரிசல், வட்டு உடைதல், கூட்டைப் பிளந்து வெளியே வருதல், ஹைட்ராலிக் போதல்.

ஏன் அவ்வளவு கஷ்டம்?

இரண்டு பக்கமும் எஞ்சின் இருக்கிறது, கூட்டிக் குறைத்தால் திரும்பாதா என்று தோன்றும். திரும்பும். உழவு ஓட்டும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். வரப்போரம் வந்ததும் டிரைவர் ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும் மிதிப்பார், வண்டி அந்தப் பக்கம் சுருக்கெனத் திரும்பும். விமானத்தில் வலது எஞ்சினைக் குறைத்து இடதைக் கூட்டினால் மூக்கு வலப்பக்கம் போகும். இடது இறக்கை கொஞ்சம் வேகமாகக் காற்றைக் கிழிக்கும், அதில் தூக்குவிசை கூடும், விமானம் வலப்பக்கம் சாயும். சாய்ந்தால் திரும்பும்.

மேலே கீழே போவதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எலிவேட்டர் அசையாமல் நின்றுவிட்ட விமானம், அப்போது இருந்த வேகத்தையே பிடித்துக்கொள்ளப் பார்க்கும். எஞ்சினைக் கூட்டினால் அது வேகமாகப் போகாது, மேலே ஏறும். குறைத்தால் மெதுவாகப் போகாது, கீழே இறங்கும். அதனால் உயரத்தைக் கட்டுப்படுத்தலாம், வேகத்தை அவ்வளவாக முடியாது. யுனைடெட் 232 தரையைத் தொட்டபோது மணிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வேகத்தில் இருந்ததற்கு இதுதான் காரணம். இறங்கும்போது வேகத்தைக் குறைக்க உதவும் ஃபிளாப்பும் ஹைட்ராலிக்கை நம்பித்தான் இருக்கிறது.

இதற்கு மேல் ஊஞ்சலாட்டம். மூக்கு கொஞ்சம் இறங்கினால் வேகம் கூடும். வேகம் கூடினால் தூக்குவிசை கூடி மூக்கு எழும்பும். எழும்பினால் வேகம் குறைந்து மறுபடி இறங்கும். பெரிய விமானத்தில் ஒரு ஆட்டம் முடிய ஒரு நிமிடம் போல ஆகும். சாதாரண நாளில் எலிவேட்டரைத் தொட்டால் இது அடங்கிவிடும். எலிவேட்டர் இல்லாதபோது எஞ்சினால் அடக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ஜெட் எஞ்சின் உடனே பதில் சொல்லாது. த்ராட்டிலைத் தள்ளினால் விசை கூடச் சில நொடிகள் ஆகும், அந்த விசை விமானத்தின் பாதையை மாற்ற இன்னும் சில நொடிகள். லாட்ஜ் பாத்ரூமில் கீசர் குழாயைத் திருப்பியிருப்பீர்கள். தண்ணீர் ஜில்லென்று வரும், இன்னும் திருப்புவோம், திடீரென்று கொதிக்கும். பதறிப்போய் மறுபக்கம் திருப்புவோம், மறுபடி ஜில். அதே கதைதான் காக்பிட்டில். விமானி தள்ளியதற்கான பதில் வருவதற்குள் அவர் இன்னொரு தடவை தள்ளியிருப்பார். ஆட்டத்தை அடக்க நினைத்து ஆட்டத்தை வளர்த்துவிடுவார்.

சூ சிட்டிக்குப் பிறகு அமெரிக்க விசாரணைக் குழு அதே நிலையைச் சிமுலேட்டரில் வைத்து விமானிகளை ஓட்டவிட்டுப் பார்த்தது. ஓரளவுக்குப் பறக்கலாம், ஆனால் குறித்த இடத்தில், குறித்த வேகத்தில் தரையைத் தொடுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று முடிவுக்கு வந்தது. இதற்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்றும், ஹேய்ன்ஸ் குழு செய்தது யாரிடமும் எதிர்பார்க்கக்கூடியதைவிட மிக அதிகம் என்றும் பாராட்டி எழுதியது.

பாராட்டு சரி. அடுத்தவர் என்ன செய்வது?

நாப்கினில் ஒரு படம்

கலிஃபோர்னியா பாலைவனத்தில் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே நாசாவின் டிரைடன் ஆய்வு மையம் (இன்று அதற்கு நீல் ஆம்ஸ்ட்ராங் பெயர்). அதில் எஞ்சின் துறைத் தலைமைப் பொறியாளர் பில் பர்ச்சம். சூ சிட்டி விபத்து நடந்து அதிக நாள் ஆகவில்லை. வேலை விஷயமாக செயின்ட் லூயிஸ் போகும் பயணிகள் விமானத்தில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தார். மனிதனால் முடியாததற்குக் காரணம் தாமதமும் பதற்றமும்தான் என்றால், கம்ப்யூட்டருக்கு இரண்டும் பிரச்சினை இல்லையே! விமானம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதை அது நொடிக்குப் பலமுறை அளக்கும். ஆட்டம் கண்ணுக்குத் தெரியுமுன்பே எஞ்சினைத் துளியூண்டு கூட்டிக் குறைக்கும். பானத்தோடு கொடுத்த பேப்பர் நாப்கினை எடுத்துப் படம் போட்டார். விமானி என்ன வேண்டும் என்று சொல்கிறார், கம்ப்யூட்டர் எஞ்சினிடம் சொல்கிறது, உணர்கருவி திரும்பக் கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. அவ்வளவுதான் படம்.

பக்கத்து மேசைகளில் இருந்து வந்த பதில், 'நடக்காது' என்பதுதான். ஆனால் டிரைடனில் ஒரு வசதி இருந்தது. எஃப்-15 போர் விமானம் ஒன்றை ஆய்வுக்காகவே வைத்திருந்தார்கள். அதில் பறப்புக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரும் எஞ்சின் கம்ப்யூட்டரும் ஏற்கெனவே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். புதிதாக இரும்பு எதுவும் பூட்ட வேண்டாம், மென்பொருள் எழுதினால் போதும்.

இதிலும் ஒரு முரண். எஃப்-15-ல் இரண்டு எஞ்சின்களும் உடலுக்குள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி இருக்கும். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்தால் பெரிதாகத் திரும்பாது என்றுதான் எவரும் நினைப்பார்கள். சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தால் திரும்பியது. கொஞ்சம் பழகினால் கையாலேயே இறக்கிவிடலாம் போலவும் இருந்தது.

1991-ல் நிஜமாகப் பறந்தார்கள். ஓட்டியவர் கார்டன் ஃபுல்லர்டன். சாதாரண ஆள் இல்லை. 1982-ல் கொலம்பியாவிலும் 1985-ல் சேலஞ்சரிலும் விண்வெளிக்குப் போய்வந்தவர். அந்த இரண்டாவது பயணத்தில் மேலே ஏறும்போதே ஓடத்தின் ஒரு எஞ்சின் நின்றுபோனது. அப்படிப்பட்டவர் எஃப்-15-ஐ த்ராட்டிலை மட்டும் வைத்து ஓட்டிவிட்டுச் சொன்னது: சிமுலேட்டரில் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிஜ விமானம் அவ்வளவு முரண்டு பிடித்தது.

சோதனைப் பறப்பு என்று ஒன்று ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அவர்கள் சிமுலேட்டரைத் தூக்கி எறியவில்லை, விமானத்தையும் குறை சொல்லவில்லை. எங்கே பொருந்தவில்லை என்று தேடினார்கள். எஃப்-15-ன் எஞ்சினுக்குக் காற்று போகும் வாய்கள் பெரியவை. எஞ்சினைக் குறைத்தால் உள்ளே போகும் காற்று குறைந்து, மிச்சக் காற்று வாயைச் சுற்றி வழிந்து, விமானத்தின் மூக்கை லேசாகத் தள்ளுகிறது. சின்ன விசைதான். சாதாரணப் பறப்பில் யாரும் கவனிக்காத விசை. கட்டுப்பாடே எஞ்சின் விசைதான் என்றாகும்போது அந்தச் சின்ன விசை பெரிதாகிவிடுகிறது. அதைச் சிமுலேட்டரில் சேர்த்தார்கள். மென்பொருளைத் திருத்தினார்கள். மறுபடி பறந்தார்கள், மறுபடி திருத்தினார்கள்.

விமானியின் கைக்குக் கொடுத்தது இரண்டு சின்னச் சக்கரங்கள். கட்டை விரலால் உருட்டலாம். ஒன்று ஏற்ற இறக்கத்துக்கு, இன்னொன்று சாய்வுக்கு. எவ்வளவு என்று விமானி சொன்னால் போதும், எந்த எஞ்சினை எவ்வளவு கூட்டுவது என்பது கம்ப்யூட்டர் பாடு.

1993 ஏப்ரல் 21 அன்று ஃபுல்லர்டன் அந்த எஃப்-15-ஐ எட்வர்ட்ஸ் ஓடுதளத்தில் இறக்கினார். ஸ்டிக்கைத் தொடவில்லை, சுக்கானை மிதிக்கவில்லை. கம்ப்யூட்டர் கையில் எஞ்சின் விசையை மட்டும் கொடுத்து ஒரு விமானம் தரையிறங்கியது அதுதான் முதல் முறை. எதாவது தப்பானால் ஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற பாதுகாப்பு இருந்தது. ஆனாலும் தரை ஓடிவந்துகொண்டிருக்கும் கடைசி நொடிகளில் கையைச் சும்மா வைத்திருப்பதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

பெரிய விமானம்

போர் விமானத்தில் செய்தால் போதுமா? விழுந்தது பயணிகள் விமானம். அடுத்து எம்.டி.-11 எடுத்தார்கள். யுனைடெட் 232-ன் டி.சி.-10-க்குப் பின் அதே மெக்டானல் டக்ளஸ் நிறுவனம் செய்த விமானம் அது. இறக்கைக்கு ஒன்று, வாலில் ஒன்று என அதே மூன்று எஞ்சின் அமைப்பு. இதில் தனிச் சக்கரங்கள்கூட வேண்டியிருக்கவில்லை. ஆட்டோபைலட்டுக்காக முன்பலகையில் ஏற்கெனவே இருக்கும் குமிழ்களையே பயன்படுத்திக்கொண்டார்கள். விமானி வழக்கம்போலத் திசையையும் இறக்கத்தையும் குமிழில் வைப்பார். அடியில் ஓடும் மென்பொருள் இறக்கை எஞ்சின்கள் இரண்டையும் ஆட்டிக்கொள்ளும்.

1995 ஆகஸ்ட் 29. ஓட்டியவர் மறுபடி ஃபுல்லர்டன். எம்.டி.-11 எட்வர்ட்ஸில் எஞ்சின் விசையால் மட்டும், ஒரு சேதமும் இல்லாமல் இறங்கியது.

பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஃபுல்லர்டன் இறக்கினால் என்ன, அவர் விண்வெளி வீரர். சாதாரண லைன் பைலட்டால் முடியுமா என்று யாராவது கேட்பார்கள் இல்லையா? வெவ்வேறு விமான நிறுவனங்கள், அரசுத் துறை, விமானப்படை என்று பல இடங்களிலிருந்து விமானிகளைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார்கள். கொஞ்சம் விளக்கம் கேட்டுவிட்டு உட்கார்ந்தவர்களால் விமானத்தை ஓடுதளத்துக்கு நேராகத் தாழ்த்திக் கொண்டுவர முடிந்தது. அதே ஆட்கள் மென்பொருளை அணைத்துவிட்டு த்ராட்டிலைக் கையில் எடுத்தபோது தடுமாறினார்கள். உயரத்தில் ஹைட்ராலிக்கையே நிறுத்திவிட்டும் பறந்து பார்த்தார்கள். அப்போதும் வேலை செய்தது.

எஞ்சின் கம்ப்யூட்டரில் கை வைக்க முடியாத விமானங்களுக்காக, ஆட்டோ-த்ராட்டிலை மட்டும் பயன்படுத்தும் எளிய வடிவத்தையும் யோசித்தார்கள். ஒரு பக்கத்து எஞ்சின் மட்டும் மிஞ்சினால், இறக்கைகளுக்குள் எரிபொருளை இடம் மாற்றி எடையைச் சாய்த்துச் சமாளிக்கலாமா என்றும் ஆராய்ந்தார்கள். கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் கேட்டாயிற்று. விடையும் கிடைத்தாயிற்று.

அப்புறம்?

அப்புறம் ஒன்றும் இல்லைங்க. இந்த மென்பொருள் வழக்கமான பயணத்துக்கு ஓடும் எந்த விமானத்திலும் ஏறவில்லை.

முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மென்பொருள்தானே, போட்டால் என்ன? யோசித்துப் பார்த்தால் மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. விமான மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும் அது வேறெதையும் கெடுக்காது என்று நிரூபிக்க வேண்டும். எஞ்சினைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஒரு நிரல், வேண்டாத நேரத்தில் விழித்துக்கொண்டால் அதுவே ஒரு விபத்து. ஹைட்ராலிக் முழுதாகப் போவதோ மிக அபூர்வம். அதற்குப் பதில் நோயை வராமல் தடுப்போம் என்று போனார்கள். எஞ்சின் வட்டுகளைச் செய்யும் முறையையும் விரிசல் பார்க்கும் முறையையும் கடுமையாக்கினார்கள். டி.சி.-10-ல் ஒரு இடத்தில் குழாய் அறுந்தால் மொத்த எண்ணெயும் போகாதபடி தடுப்பு வைத்தார்கள். 2005-ல் முதலில் பறந்த ஏர்பஸ் ஏ380-ல் இரண்டு ஹைட்ராலிக் சுற்றோடு, மின்சாரத்தால் இயங்கும் தனி அமைப்பும் சேர்ந்தது. எண்ணெய் முழுதும் போனாலும் மின்சாரம் இருக்கும். பர்ச்சம் கேட்ட கேள்விக்கு இது வேறு வழியில் வந்த பதில்.

இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வட்டு உடைவது, தடுப்புச் சுவர் பிய்வது எல்லாம் விமானத்துக்குள்ளிருந்து வரும் காரணங்கள். வெளியிலிருந்து வந்தால்?

2003 நவம்பர் 22. பாக்தாத்திலிருந்து கிளம்பிய டி.எச்.எல். சரக்கு விமானம், ஏர்பஸ் ஏ300. ஏறிக்கொண்டிருக்கும்போது தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை ஒன்று இடது இறக்கையில் பட்டது. இறக்கை எரிய ஆரம்பித்தது, மூன்று ஹைட்ராலிக் சுற்றுகளும் போயின. உள்ளே மூன்று பேர், மென்பொருள் எதுவும் கிடையாது. கேப்டன் எரிக் ஜெனோட், துணை விமானி, ஃபிளைட் என்ஜினியர் மூவரும் த்ராட்டிலை மட்டும் வைத்து, எரியும் இறக்கையோடு, பாக்தாத்துக்கே திரும்பி இறக்கினார்கள். விமானம் ஓடுதளத்தை விட்டு மணலில் போய் நின்றது. மூவரும் பிழைத்தார்கள். இப்படி ஒரு விமானத்தை எல்லோரும் உயிரோடு இருக்க இறக்கியது பெரிய சாதனை. ஆனால் அதை வைத்து, கையாலேயே முடிகிறதே, மென்பொருள் எதற்கு என்று சொல்ல முடியாது. ஜப்பானில் 32 நிமிடம் போராடியவர்களும் திறமைசாலிகள்தான்.

மறுபடி பம்பாய்

இனி எனக்குள் ஓடிய கேள்விக்கு வருகிறேன். பர்ச்சம் செய்தது 1976-லேயே இருந்திருந்தால் மெட்ராஸ் வரவேண்டிய அந்த விமானம் வந்திருக்குமா?

நேர்மையாகச் சொன்னால், இல்லை. காரவெல்லில் இரண்டே எஞ்சின்கள், அதில் ஒன்று ஏற்கெனவே செத்துவிட்டது. இடவலம் கூட்டிக் குறைக்க ஜோடி இல்லை. இருந்த ஒன்றும் உடலை ஒட்டி இருக்கிறது. எரிபொருளை இடம் மாற்ற நேரம் வேண்டும். யுனைடெட் 232-க்கு 37,000 அடி உயரமும் முக்கால் மணி நேரமும் இருந்தன. பம்பாய் விமானம் தரைக்கு மிக அருகில், இறங்கும் தறுவாயில் கட்டுப்பாட்டை இழந்தது. கம்ப்யூட்டருக்கும் அங்கே செய்ய ஒன்றும் இருந்திருக்காது. அந்த விமானத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடியது வட்டிலிருந்த விரிசலை முன்பே பார்த்திருப்பதும், எரிபொருளை உடனே அடைத்துத் தீயை நிறுத்தியிருப்பதும்தான்.

அப்படியானால் தடுப்புதான் முக்கியம் என்று சொன்னவர்கள் கட்சிக்கு நானே சாட்சி சொல்கிறேனா? ஒரு வகையில் ஆமாம். ஆனால் இந்த வரலாற்றைத் தொடர்ச்சியாகப் படித்தபோது வேறொன்றும் தெரிந்தது. ஜப்பான் விபத்தைப் பற்றி ஃபிட்ச் படித்தார், அதனால் சூ சிட்டியில் அவர் கைக்கு என்ன செய்வதென்று கொஞ்சம் தெரிந்திருந்தது. சூ சிட்டியைப் பற்றி பர்ச்சம் படித்தார், அதனால் நாப்கினில் படம் வந்தது. ஒவ்வொருவரும் முந்தைய விபத்தைத் தன் விபத்தாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வரிசையைச் சொல்லும்போது ஜப்பானிலிருந்து தொடங்குவார்கள். சிலர் 1970-களில் ஹைட்ராலிக் இழந்த அமெரிக்க விமானங்களையும் சேர்ப்பார்கள். நான் பார்த்த பட்டியல்களில் பம்பாய் இல்லை. எஞ்சின் வட்டு உடைந்து, ஹைட்ராலிக் போய், 95 பேர் இறந்தது சூ சிட்டிக்கு 13 வருஷம் முன்பு. நமக்கோ அது ஒரு நடிகையின் சாவாகவும், ஒரு படத்தின் மிச்சக் காட்சிகளை எப்படி எடுத்தார்கள் என்ற சினிமாத் துணுக்காகவும்தான் நினைவில் நின்றிருக்கிறது. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், இந்த மாதம் வரைக்கும்.

ஃபிட்ச் அந்த ஜப்பான் செய்தியைப் படித்துவிட்டு, ஐயோ பாவம் என்று பக்கத்தைப் புரட்டியிருந்தால், சூ சிட்டியில் மண்டியிட்டவர் கையில் எதுவும் இருந்திருக்காது. அவர் அன்றைக்குச் சிமுலேட்டருக்குப் போனார், அவ்வளவுதான் வித்தியாசம்.